ஒன்பது ரிலீஸ் தாள்கள்

பக்கவாதம் வந்த மூன்றாவது வாரம் சிராஜுதீன் பாயைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். வில்லியனூர் கடைவீதியில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தவர். வயது அறுபத்து நான்கு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், புரியும். காலை எட்டு மணிக்குப் போய் சாயங்காலம் திரும்புவேன்.

முப்பது வயதில் முட்டி போகும்வரை கால்பந்து ஆடியவர். பிறகு அதே கிளப்புக்குச் செக்ரட்டரி. சுற்றுவட்டாரக் கொம்யூன் பஞ்சாயத்துகளின் பன்னிரண்டு கிளப்புகள் ஞாயிறுதோறும் ஆடும் லீக் அது. ஆடுகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஏழு பேருக்குக் குறைவாக வந்தால் ஆட்டம் கிடையாது, தோல்வி. ஒரே சீசனில் இரண்டு முறை அப்படி ஆனால் கிளப்பையே லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். பாய் ஒரு முறைகூட அப்படி விட்டதில்லை. ஞாயிறு காலை வீடுவீடாகப் போய்த் தட்டி எழுப்புவாராம்.

"எம் புள்ளைங்கள ஒருநாள் ஸ்கூலுக்கு எழுப்புனதில்ல இந்த மனுஷன்," என்றார் அவர் மனைவி ரசியா.

பாய் படுத்ததும் எழுப்ப ஆளில்லை, பயிற்சியும் நின்றது. இருந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் அரியூர் கிளப்புக்குப் போக முடிவு செய்தார்கள். அதற்குச் செக்ரட்டரி அவர்களை விடுவிக்கும் ரிலீஸ் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் அந்த சீசன் முழுக்க அவர்கள் வேறெங்கும் ஆட முடியாது.

திங்களன்று கேப்டன் ஆபித் ஒன்பது தாள்களோடு வந்தான். இருபத்தொன்பது வயது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை.

"கையப் பாத்தியாடா? பேனா நிக்காது," என்றார் பாய்.

"ரேக வெச்சாலும் ஒத்துக்குவாங்களாம் பாய்."

"நான் இன்னா கைநாட்டா?"

ஆபித் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். தாள்கள் அப்படியே கிடந்தன.

அவர் சொன்னது பொய். இடது கையால் எழுதப் பத்து நாளாக நான் பழக்கிவந்தேன். செய்தித்தாள் ஓரத்தில் பதினான்கு பெயர்களையும் எழுதுவார். கோணலாக இருந்தாலும் படிக்க வரும்.

வாசலில் ஆபித் என்னைக் கேட்டான்: "நர்சம்மா, நெசமாவே முடியாதா?"

நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்வது என் வழக்கமில்லை. "அவரையே கேளுப்பா," என்றேன். பிறகு உள்ளே போய், "மறுபடி என்னைக் கேட்டான்னா நான் பொய் சொல்ல மாட்டேன் பாய்," என்றேன்.

"ஒம்போது பேரு போய்ட்டா மிச்சம் அஞ்சும்மா. அஞ்சு பேர வெச்சி நான் இன்னா பண்றது?"

மாத்திரை கொடுத்தேன்.

வியாழனன்று ஆபித் மறுபடி வந்தான். தாளைப் பற்றிப் பேசவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்தான்.

"எனக்கு இன்னும் ரெண்டு சீசன்தான் பாய். முட்டி சத்தம் போடுது. அதுல ஒண்ண ஒக்காந்தே கழிச்சிடுவேனோன்னு இருக்கு."

பாய் அவன் முட்டிமேல் இடது கையை வைத்தார். மடக்கி நீட்டச் சொன்னார். இரண்டு முறை. பிறகு என்னிடம், "எழுதுற பலகைய எடும்மா," என்றார்.

நான் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது கையெழுத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இடது கை எழுதுவதைப் பார்த்ததும் ஆபித் தலை குனிந்துகொண்டான்.

"திட்டணும்னா திட்டிட்டுப் போடா," என்றார் பாய்.

"வுடு பாய்."

சீசனின் முதல் ஞாயிறு, பாகூரில் பண்டசோழநல்லூர் கிளப்போடு ஆட்டம். வராமல் விட்டதாகப் பேர் வரக்கூடாது, கூட்டிப் போ என்றார் பாய். ஆட்டோவில் தூக்கி வைத்துக் கூட்டிப்போனேன். மிச்சமிருந்த ஐந்து பேரும் ஜெர்சி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எதிரணிச் செக்ரட்டரி தணிகைவேல் சக்கர நாற்காலி அருகே வந்தார்.

"எங்க பசங்க ரெண்டு பேரத் தர்றோம் பாய். சும்மா ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்களேன்."

"லீக்கு ஆட்டம்பா இது. சும்மா ஆட இன்னா இருக்கு?"

நடுவர் பதினைந்து நிமிடம் காத்திருந்து விசில் ஊதினார். ஐந்து பேரும் பதினோரு பேருக்குக் கை கொடுத்துவிட்டு வந்தார்கள். வீட்டில் ரசியா, "ஆட்டம் எப்படி?" என்றார். "ஆடல," என்றார் பாய். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை நான் இட்லி ஊட்டினேன், தின்றார்.

அடுத்த ஞாயிறும் போனோம். நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருக்கட்டுமா என்று நடுவர் கேட்டார்.

"வேணாம் சார். ஊதிடுங்க," என்றார் பாய்.