எதிர்வீட்டு வாசலில் கோலம்

என் தங்கையின் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும் வேலையை அப்பா என்னிடம் விட்டதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, என் பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிற வேலை. நெரவியிலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன். பாதி வழியில் இறங்கி, பின்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பேன். இருக்கும். மறுபடி ஏறுவேன்.

"இவனே பாக்கட்டும். வராத கஷ்டத்தையும் சேத்து யோசிப்பான்," என்றார் அப்பா. அது பாராட்டா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அதுவரை எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் வீட்டு வாசலில் பந்தல்தான். மாப்பிள்ளை வீட்டார் மாயவரம் பக்கத்துக்காரர்கள், டவுனில் மண்டபம் பிடித்துத்தான் செய்யவேண்டும் என்றார்கள். வருகிறவர்களுக்கு வசதி என்று சம்பந்தியம்மாள் காரணம் சொன்னார். மாப்பிள்ளையின் சித்தப்பா இன்னொரு காரணம் சொன்னார். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. எங்கள் ஊரில் அது கிடையாது.

"காரைக்கால்ல கல்யாணம்னா போதும் மாப்ள, எங்காளுவோ ஒருத்தன்கூட வராம இருக்க மாட்டானுவோ," என்று என் தோளில் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொண்டே மண்டபம் தேடினேன். கடைத்தெருவை ஒட்டியிருந்த மண்டபம் நல்ல விசாலம். ஆனால் வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் சாராயக்கடைப் பலகை தெரிந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். அடுத்துப் பார்த்ததில் மின்விசிறி இருந்தது, குழாய் இருந்தது, சமையலுக்குத் தனிக்கொட்டகை இருந்தது. அச்சாரம் கொடுத்துவிடலாம் என்று வாயெடுக்கும்போது தெருவில் பறைச் சத்தம் கேட்டது. பாடை ஒன்று போயிற்று. சுடுகாட்டுக்கு அதுதான் வழியாம்.

"இதெல்லாம் ஊர்ல நடக்கறதுதானங்க. ரெண்டு மேளமும் ஒண்ணாப் போனாக்கூட இங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க," என்றார் மண்டபத்துக்காரர்.

ஊர் கண்டுகொள்ளாது, சம்பந்தியம்மாள் கண்டுகொள்வார். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுப் படியேறும்போது யாரோ தும்மிவிட்டார்கள் என்று திரும்பி இறங்கி, செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஏறியவர் அவர். கல்யாணத்தன்று அவர் கண்ணில் ஒரு பாடை பட்டால் அது அன்றோடு போகாது. மாடு செத்தாலும், வயல் காய்ந்தாலும், பிள்ளை தங்காவிட்டாலும் "அன்னைக்கே தெரியும்" என்று என் தங்கையைத்தான் பார்ப்பார். அந்த ஒரு பேச்சு அவள் மேல் விழாமல் அவளை வண்டி ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. ஒரே கவலை என்றா சொன்னேன், மற்ற கவலைகளெல்லாம் அதற்குக் கீழே.

கடைசியில் ஒரு பக்கத்துத் தெருவில் சின்ன மண்டபம் கிடைத்தது. பாடை போகும் வழி இல்லை. சாராயக்கடைக்கு வெகுதூரம் நடக்கவேண்டும். ஒரே குறை, கிணற்றுத் தண்ணீர் உப்பு. "எதிர்வீட்டுக் கெணறு கல்கண்டு மாதிரி இருக்கும். கேட்டா குடுப்பாங்க," என்றார் காவல்காரர்.

அச்சாரத்தைக் கொடுத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெரியவர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி, "கல்யாணத்துக்குத் தண்ணி எடுக்க யாரைக் கேக்கணும்? எடுத்துக்குங்க தம்பி," என்றார். சந்தோஷப்பட வேண்டியவன் நான். என் கண்ணோ பெரியவரின் நெஞ்சிலேயே இருந்தது. இருமினால் விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. முகூர்த்தம் ஆவணியில். ஆவணி வரை இவர் இருப்பாரா என்று மனம் கேட்டது. மண்டபத்துக்கு நேர் எதிரில் சாவு விழுந்தால் என்ன ஆகும் என்றும் அதுவே கேட்டது.

அன்றிலிருந்து வாராவாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போக ஆரம்பித்தேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போவேன். "ஒடம்பு எப்படிங்க இருக்கு?" என்று கேட்பேன். கஞ்சி குடித்தார் என்றால் எனக்கும் சாப்பாடு இறங்கும். தூங்கவில்லை என்றால் நானும் தூங்கமாட்டேன்.

"பெத்த புள்ளகூட இப்புடி வந்து கேக்கறதில்ல," என்று அந்த அம்மா தன் மகனைப் பார்த்துச் சொல்வார். மகன் மில்லில் வேலை பார்த்தவர். "எனக்கு ஷிப்டு இருக்கும்மா. அண்ணனுக்கு என்ன, ஜவுளிக்கடை, காத்து வாங்கற வேல," என்று சிரிப்பார். எனக்குச் சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாது.

ஒருநாள் அந்த அம்மா உள்ளே போயிருந்தபோது பெரியவர் என்னை அருகில் வரச்சொன்னார். "என்னா தம்பி, கல்யாணம் வரைக்கும் தாங்குவனான்னு பாக்க வந்தியா?"

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நானே முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"சும்மா சொன்னேன்டா, ஒக்காரு. பாயசம் என்னா பாயசம்?"

"சேமியாங்க."

"சேமியாவா! பருப்புப் பாயசம் போடச் சொல்லு. எனக்கு ஒரு எலை அனுப்பிடு."

சமையல்காரரிடம் சண்டை போட்டுப் பருப்புப் பாயசத்துக்கு மாற்றினேன். ஆனால் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பத்திரிகை வைக்கும் அலைச்சலில் அங்கே போகவில்லை.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் முதல் வேலையாக மண்டப வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்தேன். தெருவை அடைத்துப் பெரிய கோலம். செம்மண் கரை வேறு. கோலம் போட்டிருந்தால் வீட்டில் எல்லாம் நலம் என்றுதானே அர்த்தம். நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். இப்போது நினைத்தால் அந்த மூச்சுதான் என்னைக் குத்துகிறது.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு மகன் சமையல் கொட்டகைப் பக்கமாக வந்து கையசைத்துக் கூப்பிட்டார்.

"அண்ணே, இனிமே சமையலுக்கு எங்க கெணத்துத் தண்ணி எடுக்க வேணாம்னு அம்மா சொல்லுது."

"ஏன், வத்திப் போச்சா?"

"அப்பா போயிட்டாங்க. விடியக்காலம்."

நான் அவர் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தேன். "கோலம்...?"

"அம்மாதான் போட்டுச்சு. வாசல் வெறுமனே கெடந்தா சம்பந்தி வீட்டுல கேப்பாங்கள்ல. பொண்ணு கெளம்புற வரைக்கும் நாங்க யாருக்கும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. தீட்டுத் தண்ணி கல்யாணச் சமையலுக்குப் போவக் கூடாதேன்னுதான் உங்ககிட்ட சொல்ல வந்தேன்."

முதல் நாளே அண்டாக்களில் நிரப்பி வைத்திருந்த தண்ணீர் போதுமென்று சமையல்காரரிடம் சொன்னேன். என்ன காரணம் சொன்னேன் என்று நினைவில்லை.

கெட்டிமேளம் முழங்கியபோது எல்லோரும் மணவறையைப் பார்த்தார்கள். நான் மூடியிருந்த எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். இந்தச் சத்தத்தில் அழுதால்கூட வெளியே கேட்காது, அழட்டும் என்று நினைத்தேன். அழுதார்களோ இல்லையோ.

சம்பந்தியம்மாள் என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எதிர்த்தாப்புல எவ்ளோ லெச்சணமா கோலம் போட்டிருக்காங்க பாத்தீங்களா? வந்து எறங்குனதும் அதுலதான் கண்ணு பட்டுச்சு. நல்ல சகுனம்."

பந்தி முடிந்தது. வேன் வந்து நின்றது. எல்லோரும் ஏறிய பிறகு பார்த்தால் சித்தப்பாவைக் காணோம். எங்கே போயிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கடை தூரத்தில் இருக்கிற மண்டபமாகப் பார்த்துப் பிடித்த நான்தான் அந்தத் தூரம் முழுக்க ஓடினேன். ஒவ்வொரு அடிக்கும் எதிர்வீட்டில் அந்த அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அட ஒக்காரு மாப்ள," என்றார் சித்தப்பா. "அதான் தாலி ஏறிடுச்சுல்ல, இன்னும் என்னா பதட்டம்?"

"வேன் நிக்குதுங்க."

"நிக்கட்டும். வேனுக்கு என்ன கால் வலிக்குமா?"

கையைப் பிடித்து இழுத்தேன். என் வாழ்நாளில் பெரியவர் ஒருவரை அப்படி இழுத்தது அன்று ஒருநாள்தான். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, பேசாமல் வந்தார்.

வேனில் ஏறுமுன் தங்கை கேட்டாள். "எதிர்வீட்டு அம்மா வர்றேன்னு சொன்னுச்சே, வரலியாண்ணே?"

"தலவலியாம். நீ ஏறு."

வேன் தெருமுனை திரும்பியது. அதற்காகவே காத்திருந்ததுபோல அந்த வீட்டுக்குள்ளிருந்து ஓலம் எழுந்தது. அப்போதும் என் மனம் முதலில் என்ன நினைத்தது தெரியுமா? வேன் கேட்காத தூரம் போயிருக்குமா என்றுதான்.

உள்ளே போனேன். அந்த அம்மாவின் நெற்றியில் குங்குமம் இன்னும் இருந்தது. விரலிடுக்கில் கோலமாவு காய்ந்திருந்தது. "எனக்காக நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"ஒனக்காகன்னு யாரு சொன்னா? அவரு சொல்லிட்டுப் போனதுப்பா. எனக்கு எது ஆனாலும் அந்தப் பொண்ணு வண்டி ஏறுற வரைக்கும் சத்தம் காட்டாதீங்க, அந்தப் பய பயத்துலயே செத்துருவான்னாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ எதுக்கு வாரா வாரம் வர்றன்னு அவருக்குத் தெரியும். எனக்குந்தான் தெரியும். எதுக்கோ, வந்தில்ல. நீ வர்ற அன்னைக்குத்தான் அவரு எழுந்து ஒக்காருவாரு. போன வாரம் ஒக்காந்து ஒக்காந்து பாத்தாரு."

பின்கட்டிலிருந்து யாரோ குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்கள். நான் எழுந்து நெற்றிச் சந்தனத்தைத் துடைத்தேன். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

"கல்யாண வீட்டுக்காரரு, நீங்க போயி எதுக்குங்க?" என்று ஒருவர் கயிற்றை வாங்க வந்தார். நான் விடவில்லை.