ஆர்னிகாவும் இல்லாத மாடும்

ஓமியோபதி வைத்தியத்தில் ஒரு வேளை மருந்து கொடுப்பதற்குள் ஒன்பது கேள்வி கேட்டாக வேண்டும். நாள் முழுதும் பேசியே பிழைக்கிறவர்களுக்கு என் அலுப்பு புரியும். ஐம்பதுகளின் கடைசியில் நான் உத்திரமேரூர் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். டாக்டர் காஞ்சிபுரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் என் பாடு.

படத்துப் பூ

எங்கள் பெட்டியில் சீக்கிரம் தீர்கிற மருந்து ஆர்னிகா. பனி பெய்கிற மலைகளில் பூக்கும், சூரியகாந்திக்குப் பங்காளி முறையான ஒரு மஞ்சள் பூவிலிருந்து எடுப்பது. அடி, வீக்கம், ரத்தக்கட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தப் பூவை நானும் பார்த்ததில்லை. டாக்டர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டித்தான் பெருமையடிப்பேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம் நடவுக் கூலிக்குப் போகும் கன்னியம்மா, தோள் கன்றிப்போய் வந்தாள். எப்படிப் பட்டது என்றேன். மாடு முட்டியதாம். பூவின் மகிமையை விளக்கினேன். படத்தை உற்றுப் பார்த்தாள்.

“இது நம்ம கெணத்தடிப் பூண்டு மாரிதான கீது? இதுக்கா இம்மாந் தூரம் நடந்து வந்தேன்?”

எறும்பு

அடுத்த மாதம் கன்னத்தில் வீக்கம். மறுபடியும் மாடு. சர்க்கரை உருண்டைகளில் ஆர்னிகாச் சொட்டு விட்டுக் கொடுத்தேன். நாக்கில் போட்டுக் கரைய விடு, காபி கூடாது, வெங்காயம் கூடாது என்று பாடம் ஒப்பித்தேன்.

மூன்றாம் நாள் கன்னமெல்லாம் தடிப்போடு வந்து நின்றாள். உருண்டைகளைத் தண்ணீரில் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். எறும்பு மொய்த்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன்.

“அடி பட்டது கன்னத்துல. நாக்குல போட்டா அதுக்கு இன்னா தெரியும் அய்யா?”

பத்தாவது கேள்வி

அதன் பிறகும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நோட்டில் ‘மாடு’ என்றே எழுதினேன். மேலே கேட்டால் பேச்சு வளரும், எனக்குப் பசி வேளை.

ஒருநாள் அவள் புருஷன் வந்தான். வலது கை வீங்கி, விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. உன்னையும் மாடு முட்டிவிட்டதா என்று கேட்டேன்.

“மாடா? எங்க வூட்ல ஏது அய்யா மாடு? இது சும்மா, சொவுத்துல இட்ச்சிக்கினது.”

அந்தக் கை

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது கேள்வி கேட்டவன் பத்தாவதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வேளைக்கு மட்டும் கொடுத்து, மீதியை நாளைக்குப் பெண்சாதியை அனுப்பி வாங்கிக்கொள் என்று அவனை அனுப்பினேன்.

மறுநாள் வாங்க வந்தது கன்னியம்மா. முதுகு நிமிரவில்லை. “மாட்டை எங்கே கட்டியிருக்கு, கன்னியம்மா?” என்றேன். சுவர்ப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அந்தக் கை சீக்கிரம் சரியாவுற மாரி குடுத்துடாதீங்க அய்யா. நடவு முடியறவரிக்கும் நான் எய்ந்து நிக்கணும்.”

சொட்டு விடாத வெறும் சர்க்கரை உருண்டைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்; அத்தனை வருஷத்தில் நான் கொடுத்த மருந்துகளில், கேட்டவருக்குக் கேட்ட பலனைச் சரியாகக் கொடுத்தது அது ஒன்றுதான்.