சத்துணவுக்கு நான் கொண்டுபோன திராட்சை

நான் ஒரு மடையன் என்பது ஊருக்கு முன்பே தெரியும். எனக்குத்தான் நாற்பத்திரண்டு வயதில், போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கம்பம் பக்கத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் வைத்துத் தெரிந்தது.

எனக்குத் திராட்சைத் தோட்டம். அன்று மகளுக்குப் பிறந்தநாள். சத்துணவோடு பிள்ளைகளுக்குப் பழம் கொடுத்தால் புண்ணியம். அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால் இன்னும் கொஞ்சம் புண்ணியம் என்று தோன்றியது. காலையிலேயே இரண்டு கூடை பறித்து பைக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். தனியார் பள்ளி வேனுக்காக நின்ற மகள் ஒரு பழத்தைப் பிய்த்தாள்.

"ஏத்தா, மருந்தடிச்ச பழம், கீழ போடு" என்று அவள் கையைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டு, கூடைக்கு இன்னொரு முடிச்சும் போட்டேன். எந்தச் சட்டை போட்டால் போட்டோவில் தொப்பை தெரியாது என்பதிலேயே இருந்தது புத்தி.

பள்ளியில் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சோற்றின் மேல் முட்டை. எல்லாருடைய கண்ணும் என் கூடைமேல். நான் தலையைச் சீவிக்கொண்டேன்.

அங்கே சமைக்கிற அக்கா, லீவு நாட்களில் என் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர். ஒரு குலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பழத்தின்மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. என்னைச் சமையல்கூடத்துக்குப் பின்னால் கூப்பிட்டுப் போனார்.

"ஞாயித்துக்கெழமதான தம்பி மருந்தடிச்சீக? நான் அங்கனதான நின்னேன்."

நான் கூடை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பாப்பாவுக்குக் குடுத்தீகளா?"

காலையில் தட்டிவிட்ட கை தானாகப் பேன்ட் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அக்கா வெளியே போய், "பழம் இன்னும் புளிக்குதாம். நல்லாக் கனியவும் மாமா கொண்டாருவாக. முட்டையத் தின்னுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கும் விஷயம் தெரியாது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் மட்டும், என் முகம் போன போக்கைப் பார்த்து, "பரவால்ல மாமா" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். கூடையைத் திரும்பக் கட்டும்போது முடிச்சு விழவே இல்லை.

பழத்தை எல்லாம் குழி வெட்டிக் கொட்டினேன். இப்போது ஒரு பந்தல் வரிசை பள்ளிக்கென்று தனியாக நிற்கிறது. காய் நிறம் மாறத் தொடங்கினால் ஸ்பிரேயர் அந்தப் பக்கம் போகாது. பாதியைக் குருவி தின்கிறது. மீதி பொடிப்பொடியாகத்தான் வருகிறது. இந்த வருடப் பிறந்தநாளுக்கு மகளும் லீவு போட்டுவிட்டு என்னோடு கூடை பிடித்தாள், வழியெல்லாம் தின்றுகொண்டே. நான் தட்டிவிடவில்லை. ஆனாலும் எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுக்கப் போனாலும், அன்று அவள் கையில் விழுந்த அந்த அடிதான் எனக்கு முதலில் கேட்கிறது.

"இப்பக் குடுக்கலாமாக்கா?" என்று, பள்ளியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன்.

அக்கா குலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மொதல்ல நீங்க ரெண்டு தின்னுங்க."