கப்பல் காய்ச்சல்

மொழிபெயர்ப்பு என் தொழில். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் வீட்டின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, துணி துவைக்கும் இயந்திரம், காப்புறுதி, முதுகுவலித் தைலம் என்று எது வந்தாலும் தமிழாக்கித் தருவேன். ஒரு டிசம்பரில், மாட்டுத் தடுப்பூசி விற்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து கையேடு வந்தது. மாடுகளுக்கு வைரஸால் வரும் நுரையீரல் நோயைப் பற்றி எட்டுப் பக்கம், தமிழ்நாட்டு விவசாயிகளுக்குக் கொடுப்பதற்காக. அதுவரை நான் தொட்டிருந்த மாடு ஒன்றே ஒன்று, கோயிலில் இருக்கும் கல் நந்தி. அதனால் என்ன என்று ஒப்புக்கொண்டேன். காப்புறுதியையும்தான் நான் தொட்டதில்லை.

மூன்று நாளில் முடித்தேன். அந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ஷிப்பிங் ஃபீவர் என்றொரு பெயர் இருந்தது. தயங்காமல் ‘கப்பல் காய்ச்சல்’ என்று தலைப்புப் போட்டேன். மோனை தானாக வந்து உட்கார்ந்ததில் எனக்குப் பெருமை. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் மருத்துவமனையில் தாதி.

“மாடு ஏன் கப்பல்ல போகுது?” என்றாள்.

“ஏற்றுமதி,” என்றேன்.

பத்து நாள் கழித்து, கையேட்டைச் சரிபார்த்த கால்நடை மருத்துவர் தமிழ்நாட்டிலிருந்து என்னை நேரடியாகவே கூப்பிட்டார். அந்த அம்மாவின் குரலில் கோபமே இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

“சார், எங்க ஊர்ல இருந்து கடலுக்கு நாலு மணி நேரம். கப்பல் ஏறின மாடு எதுவும் என்கிட்ட வந்ததில்லை.”

பிறகு பொறுமையாக விளக்கினார். லாரியில் நெடுந்தூரம் கொண்டுவரும்போது மாடு களைத்துவிடும். பல ஊர் மாடுகளோடு நெருக்கியடித்து நிற்பதில் வைரஸ் தொற்றும். அது நுரையீரலைப் பலவீனமாக்கியதும் பின்னாலேயே பாக்டீரியா புகுந்துவிடும். ஷிப்பிங் என்றால் இங்கே ஏற்றி அனுப்புவது, அவ்வளவுதான்.

“அப்புறம் ‘நாசிக் கசிவு’ன்னு எழுதியிருக்கீங்க. படிக்கறவங்களுக்கு என்ன புரியும்? ஒரு மாட்டைப் பக்கத்துல போய்ப் பார்த்துட்டு எழுதுங்களேன்.”

சிங்கப்பூரில் நினைத்தவுடன் போய் மாட்டைப் பார்த்துவிட முடியாது. நல்லவேளை, பொங்கல் நெருங்கியிருந்தது. லிட்டில் இந்தியாவில், பண்ணையிலிருந்து கொண்டுவந்த மாடுகளைத் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் வைக்கோல் பரப்பிக் கட்டியிருந்தார்கள். சனிக்கிழமை காலை கையேட்டை அச்செடுத்துக்கொண்டு போனேன். அதில் சொன்னபடி, ஒரு மாட்டின் விலா ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன்.

பக்கத்தில் குழந்தையோடு நின்ற பெண் கேட்டார், “நீங்க மாட்டு டாக்டரா?”

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். நான், “அந்தத் துறையிலதான் இருக்கேன்,” என்றேன்.

“மூக்கெல்லாம் ஈரமா இருக்கே, ஓகேவா?”

குனிந்து பார்த்தேன். மூக்கின் மேல் பனித்துளி போல ஈரம். நாசிக் கசிவு என்று முடிவுகட்டினேன்.

“வைரஸ் தொற்றோட அறிகுறி அது. ஆனா மனுஷங்களுக்குத் தொத்தாது.”

இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். “மாட்டுக்கு வைரஸாம் லா,” என்று தோழியிடம் சொன்னது மாடு பார்க்க வந்த கூட்டத்தின் கடைசிவரை போய்ச் சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படம் எடுக்க முண்டியடித்தவர்கள் அதே வேகத்தில் விலகினார்கள். ஒருவர் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும், பேச்சில் புதுக்கோட்டை வாடை.

“யாருண்ணே மாட்டுக்குச் சீக்குன்னு சொன்னது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“மூக்குல கசிவு இருக்கு...” என்று இழுத்தேன்.

“கசிவா?” அவர் மாட்டின் மூக்கைப் புறங்கையால் தடவினார். “வேர்த்திருக்குண்ணே. நல்லாருக்குற மாட்டுக்கு மூக்கு ஈரமாத்தான் இருக்கும். காஞ்சு கிடந்தாத்தான் காய்ச்சல். சீக்கு மாடுன்னா சளி கட்டியா வடியும், காது தொங்கிரும், தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது என்ன பண்ணுதுன்னு பாருங்க.”

அது என்னைப் பார்த்தபடி நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். டாக்டர் இல்லை, மாட்டு நோயைப் பற்றி எழுதுகிறவன், மாட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“இதை முதல்ல இவங்ககிட்ட சொல்லுங்க,” என்று கூட்டத்தைக் காட்டினார்.

மாடு நலம், தவறு என்னுடையது என்று தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் சொன்னேன். நான் செய்ததிலேயே பிழையில்லாத மொழிபெயர்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

கூட்டம் திரும்பி வந்தது. அவர் முகம் கொஞ்சம் இளகியதும், லாரியில் வந்த மாடு இருமினால் உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

“பேரெல்லாம் வைக்க மாட்டோம்ணே. சந்தையில வாங்கி வண்டியில ஏத்திட்டு வந்த மாடு சில நேரம் நாலு நாள்ல சளி பிடிச்சு இருமும், மூச்சு வாங்கும். உடனே தனியாக் கட்டிட்டு டாக்டரைக் கூப்பிடுவோம்.”

அப்படியே காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். போகும்முன், “தொட்டுப் பாருங்க, ஒண்ணும் பண்ணாது,” என்றார். கழுத்தில் கைவைத்தேன். நான் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது. காய்ச்சலோ என்று ஒரு கணம் தோன்றியது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

அன்றே எட்டுப் பக்கத்தையும் மாற்றி எழுதினேன். தலைப்பு, ‘வண்டியில் வந்த மாட்டுக்குச் சளிக் காய்ச்சல்’. நிறுவனத்தில் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர், இது பேச்சுத் தமிழ் போல இருக்கிறது, முதலில் வந்ததுதான் கம்பீரம் என்று மின்னஞ்சல் அனுப்பினார். அந்தக் கப்பலைப் பாராட்டிய ஒரே மனிதர். அவரை மறுத்து எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

புதியதுதான் அச்சானது. சில மாதம் கழித்து மருத்துவர் ஒரு படம் அனுப்பினார். மாட்டுக் கொட்டகைத் தூணில் கையேட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஓரமெல்லாம் அழுக்கு. யாரோ புரட்டியிருக்கிறார்கள். கீழே எழுதியிருந்தார்: “நல்லாப் புரியுதுன்னு சொல்றாங்க சார். அட்டையில மட்டும் ‘கறவை மாடு’ன்னு போட்டு, காளை படம் வச்சிருக்காங்க. யார் தேர்ந்தெடுத்தாங்களோ.”

மூன்று படங்களை அனுப்பி, எது கறவை மாடு என்று நிறுவனம் என்னிடம்தான் கேட்டிருந்தது. இன்னும் மருத்துவருக்குப் பதில் எழுதவில்லை.