ஒரே அப்பாவுக்கு ஒன்பது மகள்கள்

என் கைபேசிக்கு என்னைவிட ஆங்கிலம் தெரியும் என்று ஓர் இறுமாப்பு. நேற்று சாயங்காலம் குவைத்தில் இருக்கும் செல்வமேரிக்குப் பதில் எழுதினேன். இரண்டாவது வரியை முடிக்கக்கூட இல்லை, அடியில் நீலக்கோடு இழுத்துவிட்டது. வினைச்சொல்லின் காலம் தப்பாம். யாரிடம் வந்து சொல்கிறது பாருங்கள்! மூன்று வருடம் 'டென்ஸ்' நடத்தியே சோறு தின்றவள் நான்.

நீலக்கோடு என்றதும் எனக்கு நீலச் சாக்பீஸ் ஞாபகம் வந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு மேலே மாடியில் எங்கள் டுட்டோரியல். வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு இன்டர்வியூவில் பேச ஆங்கிலம் சொல்லிக் கொடுப்போம். படியேறும்போதே கீழிருந்து ஷீட்டின் புளித்த வாடை மூக்கில் ஏறும். மற்ற டீச்சர்கள் கைக்குட்டையால் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்கும். என் அப்பா பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். அவர் சட்டையில் எப்போதும் அந்த வாடைதான். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருடம் அவர் தவறிப்போனார். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. பேசினால் அழுகை வரும், அழுதால் மூக்கு சிவக்கும், சிவந்த மூக்கோடு எந்த டீச்சர் வகுப்பெடுப்பாள்?

நடந்ததற்கு நீலச் சாக்பீஸ், நடப்பதற்கு வெள்ளை, நடக்கப்போவதற்கு மஞ்சள். இது என் கண்டுபிடிப்பு. எவ்வளவு கலர் போட்டாலும் பிள்ளைகளுக்குக் காலம் மட்டும் பிடிபடவில்லை. நேற்று சாப்பிடுவார்கள், நாளைக்குச் சாப்பிட்டார்கள். கடைசியில் என் வீட்டையே பலகையில் எழுதிப்போட்டேன். 'மை ஃபாதர் வாஸ் எ ரப்பர் டேப்பர். ஹி பாஸ்ட் அவே லாஸ்ட் இயர்.' இது நீலம். 'மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப்' வெள்ளை. பாலிடெக்னிக் சேரப்போகிற தம்பி மஞ்சள். ஒரே குடும்பத்துக்குள் மூன்று காலமும் அடங்கிவிட்டதே என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அவரவர் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

யார் மாற்றுவார்கள்? எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே மனப்பாடமும் பழகிவிடும். எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு தோறும் பைபிளிலிருந்து மனப்பாட வசனம். ஓர் எழுத்து பிசகினாலும் பரிசு கிடையாது. கத்தோலிக்கரான கடற்கரைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் ஜெபங்கள். எழுதிக் கொடுத்ததை மாற்றுவது பாவம் என்று வளர்ந்த பிள்ளைகள், டீச்சர் எழுதிய பத்தியில் கைவைப்பார்களா?

செல்வமேரி கடற்கரைப் பிள்ளை. மண்டைக்காட்டுக்குப் பக்கம். வார்டில் அவளைப்போல் ஊசி போட ஆளில்லை என்பார்கள். ஆனால் இன்டர்வியூ மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு தடவை 'யெஸ் மேடம்' மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவள். மூன்றாவது தடவையும் தோற்றால் இனிக் கூப்பிட மாட்டோம் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள்.

"இதுவும் போச்சுன்னா நான் மீன்வலை பின்னுற வலைக் கம்பெனிக்குத்தான் போணும் டீச்சர். படிச்சதெல்லாம் மறந்துர வேண்டியதுதான்" என்றாள்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஓட்டலில் இன்டர்வியூ. ஒன்பது பிள்ளைகளோடு நானும் போனேன். செல்வமேரியின் அப்பா சூசையும் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல், வெளுத்த சட்டை போட்டு, தூக்குவாளியில் மீன்குழம்பும் சோறுமாகக் கூட வந்தார். வெளியே பெஞ்சில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது.

கேள்வி கேட்டவர் வயதான ஒரு மலையாளி அம்மா, ஆஸ்பத்திரி மேட்ரன். முதல் பிள்ளை தன் அப்பா ரப்பர் பால் வெட்டியவர், போன வருடம் இறந்துவிட்டார் என்று தங்குதடையில்லாமல் ஒப்பித்தாள். அந்த அம்மா 'அச்சோ' என்றார். இரண்டாவது பிள்ளையின் அப்பாவும் ரப்பர் பால் வெட்டியவர்தான், அவரும் போன வருடம்தான். மூன்றாவதற்கு அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்காவது பிள்ளையும் அப்பாவைக் கொன்றதும், குரலைத் தணித்து, அந்தத் தோட்டத்தில் போன வருடம் ஏதாவது பெரிய விபத்து நடந்ததா என்று கேட்டார். நான்கு அப்பாமாரும் வீட்டில் கல்லுக்குண்டாய் இருக்கிறார்கள். ஒருவர் பஞ்சாயத்து அலுவலகக் கிளார்க்.

ஐந்தாவது செல்வமேரி. தடுக்க வழியில்லை. 'மை ஃபாதர் வாஸ் எ ரப்பர் டேப்பர்' என்று தொடங்கினாள். இறந்துவிட்டார் என்கிற இடம் வந்தது. கதவிடுக்கு வழியாக அவள் பார்வை வெளியே வந்தது. ஆங்கிலம் அறியாத சூசை, மகள் பேசிவிட்டாளே என்கிற பூரிப்பில் தூக்குவாளியை உயர்த்தி, பேசு மக்கா என்பதுபோல் தலையாட்டினார். செல்வமேரி நின்றுவிட்டாள். போச்சு, வலைக் கம்பெனிதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நோ மேடம். மை ஃபாதர் நெவர் டை. ஹி சிட் தேர். ஹி பிரிங் ஃபிஷ்."

மூன்று மாதம் நான் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியதெல்லாம் அந்த மூன்று வரியில் கடலோடு போயிற்று. ஆனால் நாக்கு ஒட்டவில்லை. அதற்குப் பிறகு நிற்கவும் இல்லை. அப்பா, வள்ளம், வார்டு, ஊசி என்று தப்பும் தவறுமாகக் கொட்டித் தீர்த்தாள். மேட்ரன் சிரித்துக்கொண்டே அவளைத் தேர்ந்தெடுத்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, அப்படியானால் இறந்துபோன அந்த அப்பா யாருடையவர் என்று கேட்டார்.

"மைன், மேடம்" என்றேன். ஒரு வருடமாக அடக்கியது அங்கே உடைந்தது. அந்த அம்மா எனக்குத் தண்ணீர் தந்தார். முன்பே பேசி முடித்த நான்கு பிள்ளைகளையும் மறுபடி கூப்பிட்டு, மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லிப் பேசவைத்தார். மாண்ட நான்கு அப்பாமாரும் உயிரோடு எழுந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கதை முழுவதையும் கேட்ட சூசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என்ன டீச்சரே, ஒரு வருசம் முன்னாலயே என்னக் கொன்னுட்டிய, என் ஆத்துமாவுக்கு ஒரு பூச கூட ஒப்புக்குடுக்கல்லியே?" என்றார். மீன்குழம்புச் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு தந்தார். அப்பா போன பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இப்போது அந்த மாடியில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். ரப்பர் ஷீட் கடை போய் பேக்கரி வந்துவிட்டது. படியேறினால் கேக் வாசனை. கலர் சாக்பீஸ் யாருக்கும் வேண்டாம், காலத்தைக் கைபேசியே திருத்திவிடுகிறது.

நேற்று செல்வமேரி அனுப்பிய செய்தியில் ஒரு தப்பும் இல்லை. 'மை ஃபாதர் பாஸ்ட் அவே திஸ் மார்னிங்.' இரவு விமானத்தில் வருகிறாளாம், நாளை மறுநாள் அடக்கப் பூசையாம். கட்டாயம் வருகிறேன் என்று முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரிக்குத்தான் அந்த நீலக்கோடு. திருத்தவா என்று கைபேசி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. போடா என்று அப்படியே அனுப்பிவிட்டேன்: 'யுவர் ஃபாதர் நெவர் டை.'