தாய்மாமன் வருகிறார்??

என் அண்ணன் அச்சில் வந்த எதையும் கடைசிப் புள்ளிவரை படிப்பார். எங்கள் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் அவர் பெயர் என் கொழுந்தனார் பெயருக்குக் கீழே போய்விட்டது என்று பேச்சையே நிறுத்தியவர். மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததும் கீரனூருக்குப் போய் அழைத்தேன். "பாப்போம்" என்று மட்டும் சொன்னார். தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்தா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

கறம்பக்குடியில் என் கணவருக்கு பிளெக்ஸ் கடை. நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறவள். கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய தமிழ் எழுத்துரு. செல்போனில் வரும் தமிழை அப்படியே ஒட்டினால் அதற்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து மாற்றித் தர ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். தெரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறி போடும். சமர்த்துப் பிள்ளை என்று எனக்குப் பெருமை வேறு.

மண்டப வாசலில் கட்டும் பிளெக்ஸுக்கு வாசகத்தை நானே செல்போனில் அனுப்பினேன்: தாய்மாமன் வருகிறார். அண்ணன் மனம் குளிரட்டும் என்று கடைசியில் ஒரு சிரிப்பு எமோஜி. அங்கேதான் பிடித்தது சனி. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எமோஜியை நான் புரோகிராம் எழுதிய கம்ப்யூட்டர் மொழி உள்ளே இரண்டு துண்டாக வைத்திருக்கும். இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இப்போது திருத்திவிட்டேன், அப்படித்தான் எடுக்கிறது. அன்றைக்கு என் சமர்த்துப் பிள்ளை தனித்தனியாக எடுத்து, இரண்டுமே தெரியாது என்று கையை விரித்துவிட்டது.

காதுகுத்தன்று காலையில் மண்டப வாசலில் வேட்டுச் சத்தம். அண்ணன் வந்துவிட்டார்! ஓடினேன். சீர்த்தட்டோடு வந்த சனம் மொத்தமும் பிளெக்ஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. இவ்வளவு பெரிய எழுத்தில், "தாய்மாமன் வருகிறார்??"

கணவர் என்னைப் பார்க்காமல் பந்தக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா," என்றார் அண்ணன். "நான் வருவேனான்னு ஒனக்குச் சந்தேகமா? அதுவும் ரெண்டு தடவ?"

"ஐயோ, இல்லண்ணே! அது கேள்வி இல்ல, சிரிப்பு. மெஷினு ரெண்டாப் பிச்சுப்புடுச்சு."

"சிரிப்பப் பிச்சா கேள்வி வருமா?"

முறைத்தார். மீசை துடித்தது. அப்புறம் தோள் துண்டு நழுவி விழச் சிரித்தார் பாருங்கள், மேளக்காரரும் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கணவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அத ஏன் மாப்ள கழட்டுறீங்க? இருக்கட்டும். நான் வருவேனான்னு ஊர்ல எத்தன பேரு கேட்டாய்ங்க! எங்க எம் மருமக? இங்கிட்டுக் குடுங்க."

மகள் அவர் மடியில் உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுத்து விளையாடினாள். ஆசாரி காதைத் தொடுவதற்கு முன்பே அழுதுவிட்டார் என் அண்ணன்.