அவன்னு சொன்னா தர்றேன்

எங்கள் அக்கா எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்தாறு வருடமாக ஒரே மருத்துவமனையில், ஜன்னல் இல்லாத ஒரே அறையில். "மூச்ச நல்லா இழுங்க. புடிங்க. அசையக்கூடாது. ம், விடுங்க." இதையே ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்லிவிட்டு வருபவள் வீட்டில் வாயே திறக்க மாட்டாள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. ரேடியோ வாங்கியதே வீண் செலவு என்பார் மாமா, பாவம்.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒட்டகம். என் பள்ளித் தோழன். கழுத்து நீளம் என்பதால் அந்தப் பெயர். போன ஞாயிற்றுக்கிழமை பழைய வகுப்புத் தோழர்களின் போன் குழுவில் அவன் கொளுத்திப் போட்டான்: "இப்ப வர்ற வீடியோ கேம்ல எதத் தொட்டாலும் பொம்பளதான் ஹீரோ. நாம எங்கடா போறது?" அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. காலம் கெட்டுப்போச்சு என்றான் ஒருவன். உலகத்தில் பாதிப் பேர் பெண்கள்தானே, பாதி ஆட்டமாவது வேண்டாமா என்று கேட்ட இன்னொருவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒட்டகத்துக்கு "சரியாச் சொன்னடா" என்று பதில் போட்டேன்.

உடனே ஒட்டகம்: "நீ சொன்னா சரிதான். அந்தக் குகை ஆட்டத்த நம்ம தெருவுலயே கடைசி வரைக்கும் முடிச்ச ஒரே ஆம்பள நீதான்."

சுருக்கென்றது. ஏனென்றால் அதை முடித்தது நான் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. டிவியோடு இணைக்கிற விளையாட்டுப் பெட்டி ஒன்றை அப்பா வாங்கி வந்து, "தம்பிக்கு" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். குகைக்குள் ஓடிக் குதித்துப் போய்க் கடைசிக் கதவைத் தாண்ட வேண்டும். ஓடுகிற ஆள் என்பது திரையில் எண்ணி இருபது சின்னச் சதுரக் கட்டங்கள்தான். தலை எது, தொப்பி எது என்றே தெரியாது.

"அவ எப்படிக் குதிக்கிறா பாரு" என்றாள் அக்கா, முதல் நாளே.

"அவ இல்ல, அவன்."

"மீசை இருக்கா?"

"கொண்டை இருக்கா?"

நம் மொழியில் இது ஒரு தொல்லை. ஒருத்தர் குதித்தால்கூட ஆணா பெண்ணா என்று தீர்மானிக்காமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. நான் சட்டம் போட்டேன்: "அவன்னு சொல்லு, ஆடத் தர்றேன்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப கெடையாது, போ."

அந்தக் கோடை விடுமுறை முழுக்க அவளுக்குக் கிடையாது. தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்து என் பின்னால் உட்காருவாள். வழி மட்டும் சொல்வாள். "பொறு, பொறு, இப்ப! ஐயோ, அவளக் கொன்னுட்டியேடா படுபாவி!" இருவரும் உருண்டு உருண்டு சிரிப்போம். சூடேறிய பெட்டியின் வாசனை, கிழிந்த பாய், காதருகே அவள் குரல். இன்று என் மகன் விலை உயர்ந்த கருவியில் ஆடும்போது எட்டிப் பார்க்கிறேன்; அந்தச் சந்தோஷம் மட்டும் எங்கேயும் இல்லை. ஏங்கித்தான் போகிறேன். ஆனால் கடைசி வரை அவளும் சொல்லவில்லை, நானும் கொடுக்கவில்லை.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல். மத்தியானம் கண் விழித்தால் தலைமாட்டில் அக்கா நிற்கிறாள், முகமெல்லாம் பல்.

"முடிச்சிட்டேன்டா! கடைசிக் கதவத் தாண்டிட்டா!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கதவுக்கு அப்பால் என்ன இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதும் தெருவில் போய், முடித்தது நான்தான் என்றேன். உள்ளே பெட்டி நிறையத் தங்கம் என்று அளந்தும் விட்டேன். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதமே பெட்டி பழுதாகிவிட்டது. முப்பத்தைந்து வருடமாக அந்தப் பெருமையில் நான் குளிர்காய்ந்துகொண்டிருந்தேன்.

இந்தத் தடவை மனசு கேட்கவில்லை. "முடிச்சது நான் இல்ல, எங்கக்கா" என்று குழுவில் எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள். "கத விடாதடா" என்றான் ஒட்டகம். போனை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் சீருடையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு கையால் போனை வாங்கி எல்லாவற்றையும் படித்தாள்.

"என்னடா திடீர் ஞானோதயம்?"

"நீ ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேனே, அம்மாகிட்ட. 'அவன் ஆம்பளப் புள்ள, மொகம் வாடிப்போயிரும். நீ பெரியவ, விட்டுக்குடுத்துப் போ'ன்னாங்க. விட்டுக்குடுத்தேன். அதுக்கப்புறம் அதத் தொடவே புடிக்கல."

கிளிப்பை மாட்டிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, இந்த நாற்பத்தைந்து வயதில்.

போன் 'டிங்' என்றது. குழுவில் மறுபடியும் ஒட்டகம்: "சரி, அக்காதான்னா, அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு கேட்டுச் சொல்லு."

அக்கா குரல் பதிவை அழுத்தினாள். "தங்கமும் இல்ல, கிங்கமும் இல்லப்பா. வெளிய ஒரே வெளிச்சம். அவ நம்ம பக்கம் திரும்பிக் கைய ஆட்டுவா. அவ்ளோதான்."

அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நானும் கைய ஆட்டினேன்டா, பைத்தியக்காரி மாதிரி. 'பாருடா, பாருடா'ன்னு உன்ன எழுப்பினேன். நீ எந்திரிக்கவே இல்ல."